தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து

பொம்மையார்பாளையம்,
4-2-1974
சேசு மரி சூசை துணை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுப் பூசையில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். உங்கள் பெயர் வந்ததும் அம்மா என் கையைக் கிள்ளிவிட்டாள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்தான்.

வகுப்பில் நடத்திய பாடத்தை எழுதியிருந்தீர்கள். எட்டின் வகுத்திகளை, எட்டை விட்டுவிட்டுக் கூட்டினால் ஏழுதான், அது குறையெண். ஆறுக்கு ஆறே வரும், நிறையெண். பன்னிரண்டுக்குப் பதினாறு, மிகையெண். எல்லாம் சரி. ஆனால் ஒற்றைப்படை எண் எதுவுமே மிகையாகாது என்று சொல்லிக்கொடுத்தீர்களாமே? 945-ஐக் கூட்டிப் பாருங்கள். கல்லூரி விடுதியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து நானே தேடிப் பிடித்த எண் அது. பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
அன்னமேரி


மரக்காணம்,
7-2-1974

அன்புள்ள மேரிக்கு,

தாலி ஏறவில்லை, அதற்குள் வாத்தியாருக்கே பாடமா? ஐந்நூறு வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். ஒற்றைப்படை ஒன்றுகூட மிகையாகவில்லை. உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். "பி.எஸ்சி. படிச்ச பொண்ணு வேணாம்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்று சிரிக்கிறான்.

கூறைப்புடவை அனுப்பியாயிற்று. தவசு காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அது வருவதற்குள் முடிய வேண்டும். இந்தக் கணக்கை விடு.

செல்வநாதன்


பொம்மையார்பாளையம்,
11-2-1974

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டாம் ஓலையும் நேற்று ஆயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்நூறோடு நிறுத்திவிட்டு அதற்கு மேலும் அப்படித்தான் என்றால் எப்படி? தப்பு யாருக்கும் வரும். கூட்டிக்கூடப் பார்க்காமல் கோபப்பட்டீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கோபத்தோடு ஆயுசு முழுக்க எப்படிக் குடித்தனம் நடத்துவேன்?

தயவுசெய்து கூட்டுங்கள். நான் சொன்னது தப்பென்றால் மன்னிப்புக் கேட்கிறேன். சரியென்றால் வகுப்பில் சொல்லுங்கள். முடியாதென்றால் மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று நானே போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்வேன்.

அன்னமேரி


மரக்காணம்,
14-2-1974

என் அன்பு மேரிக்கு,

கூட்டினேன். 975! ஆடிப்போய்விட்டேன். கோபப்பட்டதற்கு மன்னித்துவிடு.

இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். பலகை நிறைய வகுத்திகளை எழுதும்போது ஹெட்மாஸ்டரே வந்து நின்றார். "எப்படி சார் புடிச்சீங்க இத?" என்றார். ராத்திரியெல்லாம் கண்விழித்து நானே தேடினேன் என்றேன். பள்ளி ஆண்டுமலரில் என் பெயரில் போடப்போகிறார். உன்னைச் சொன்னால் "பொண்டாட்டிகிட்ட பாடம் கேக்குறான்" என்று கேலி செய்ய மாட்டார்களா? நமக்குள் உன்னுடையது என்னுடையது என்று என்ன இருக்கிறது? இப்போது திருப்திதானே? ஞாயிற்றுக்கிழமை ஓலை கேட்க நானே அங்கு வருகிறேன்.

உன்
செல்வநாதன்


பொம்மையார்பாளையம்,
16-2-1974

திரு. செல்வநாதன் அவர்களுக்கு,

கூட்டல் சரி.

இப்போதுதான் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாளை நம் ஓலையை வாசிக்க மாட்டார். அம்மா அழுகிறாள், எனக்கும் அழுகை வருகிறது. இந்தக் கடிதத்தோடு கூறைப்புடவையையும் தம்பி சவரிராயன் கொண்டுவருகிறான், வாங்கிக்கொள்ளுங்கள்.

945-ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அ. அன்னமேரி, பி.எஸ்சி.