மறுபடியும் புதுப்பந்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மைதானத்தில் தனியாக ஓட்டம், பிறகு ஒற்றை ஸ்டம்புக்குப் பந்துவீச்சு. வலது முழங்கால் பரவாயில்லை. வீக்கம் இல்லை. சனிக்கிழமை சென்னையில் மாநில அணித் தேர்வு ஆட்டம். வயது முப்பத்திரண்டு. இதை விட்டால் இனிக் கூப்பிட மாட்டார்கள்.

வாங்க வேண்டியது: முழங்கால் பட்டை, ஓ.ஆர்.எஸ்., பாப்பாவுக்கு டயப்பர்.

ஜூலை 9, புதன்

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். ஆரணியிலிருந்து மாநில அணிக்கு ஆடிய முதல் பெண் என்று எழுதப் போகிறாராம். எல்லாம் சொன்னேன். முள்ளிப்பட்டில் பையன்களோடு டென்னிஸ் பந்து. அப்பா கழனியில் கூலி வேலை. முதல் ஸ்பைக் ஷூ, பி.டி. டீச்சர் வாங்கித் தந்தது. பத்தொன்பது வயதில் மாநிலத் தொப்பி. ஆறு சீசன் முதல் ஓவர் என்னுடையது, புதுப்பந்து என் கையில். அப்புறம் முழங்கால் ஆபரேஷன், கல்யாணம், பாப்பா.

"ஆடினார், வீழ்த்தினார்" என்றே குறித்துக்கொண்டார். இன்னும் ஆடுகிறேன் என்றேன். சிரித்தார். நாள் முழுக்க எரிச்சல்.

ஜூலை 11, வெள்ளி

மாலை மழை. வீட்டுக்காரருக்குச் செய்யார் கம்பெனியில் லீவு இல்லை. பாப்பா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள், விட்டுவிட்டும் போக முடியாது. போகவே வேண்டாம் என்று பையைப் பிரித்துவிட்டேன்.

மாமியார் தறியை விட்டு எழுந்து வந்து, தானே கூட வருவதாகச் சொன்னார். நான் பேன்ட் போட்டு மைதானத்துக்குப் போனால் முகம் கொடுத்துப் பேசாதவர். ஏன் அத்தை என்று கேட்டேன்.

"நீ போவலன்னா மூஞ்சிய தூக்கி வச்சிகினு இருப்ப. அந்தப் பேஜாரு யாருக்கு வேணும்?"

ஜூலை 12, சனி

சென்னை. சுட்டெரிக்கும் வெயில். ஆட்டத்துக்கு முன் தேர்வாளர் ஒருவர் வந்தார். சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வரலாமே, ஏன் உடம்பை வருத்திக்கொள்கிறீர்கள் என்றார். மரியாதையாகத்தான். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த அத்தைதான் பதில் சொன்னார்:

"கத்துக்குடுக்கறதெல்லாம் அப்பால பாக்கலாங்க. இன்னிக்கு ஆடத்தான் இட்டுகினு வந்தேன்."

முதல் ஓவர் மோசம். வைடு மேல் வைடு. மூன்றாவது ஓவரில் பந்து உள்ளே வளையத் தொடங்கியது. எதிரணியில் ஆடிய மாநிலக் கேப்டனின் நடு ஸ்டம்ப் பறந்தது. அந்தச் சத்தம்! எத்தனை நாளாயிற்று.

இடைவேளையில் பாப்பாவுக்குப் பால். திரும்பி வந்து மேலும் நாலு விக்கெட். தேர்வாளர் கை கொடுத்தார். பயிற்சிப் பேச்சை எடுக்கவில்லை.

பஸ்ஸில் முழங்காலில் ஐஸ். அத்தை வழியெல்லாம் பக்கத்து சீட்டம்மாவிடம் அந்த ஸ்டம்ப் கதை.

ஜூலை 14, திங்கள்

மதியம் போன். அணியில் நான் இருக்கிறேன். புதுப்பந்து எனக்குத்தான். வீட்டுக்காரர் ஷிப்டில், போன் எடுக்கவில்லை. அத்தையிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நின்றுகொண்டே வந்தது.

அணியின் பயிற்சி முகாமுக்குக் குழந்தையோடு வரலாமா என்று திரும்ப போன் செய்து கேட்டேன். வரலாமாம். கத்திவிட்டேன். பாப்பா பயந்து அழுதாள், பிறகு என்னைப் பார்த்து அவளும் கத்த ஆரம்பித்துவிட்டாள்.