மூன்று ஜோடி இயர் ப்ளக்

பிப். 3, செவ்வாய்

காலையில் இன்னும் குளிர். ஆறு மணிக்கே தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு டிரம் பிடித்தாயிற்று. துணி ஊறுகிறது.

மூன்றாவது நாள். சனிக்கிழமை ஒரு மார்வாடி வீட்டுக் கல்யாண சங்கீத்தில் பாடிவிட்டு வந்ததிலிருந்து இரண்டு காதிலும் 'ஈ' என்று ஒரே சத்தம். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அது. முன்பெல்லாம் ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். இந்த முறை போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டால் கொஞ்சம் மறைகிறது. அதற்காக நாள் முழுக்கக் குழாயடியிலா நிற்பது?

இருபத்தாறு வருடமாக மேடையில் பாடுகிறேன். வரவேற்பு, சங்கீத், ஆண்டு விழா, எது வந்தாலும். தெலுங்கு, ஹிந்தி, தமிழ். ஆறு பேர் குழு. தலைவர் கிரண், கீபோர்டு வாசிப்பவர். எனக்கு இடது பக்கத்தில் போன வருடத்திலிருந்து என் மகள் நித்யா, கோரஸ். காது போனால் சுருதி போச்சு. சுருதி போனால் நான் யார்? நன்றாகச் சமைப்பவள் கூட இல்லை.

இவரிடம் மட்டும் சொன்னேன். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சுத்தியல் சத்தத்திலேயே முப்பது வருடம் ஓட்டியவர். டிபன் பையிலிருந்து மஞ்சளாக ஸ்பாஞ்சு மாதிரி இரண்டு எடுத்துக் கொடுத்தார். இயர் ப்ளக். வேலையில் தருவது, வீட்டிலும் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.

"இத்த நல்லா உருட்டு. காத மேல இழுத்து உள்ள வுட்டு அப்டியே புடிச்சுக்க. தானா உப்பிக்கும்."

"இத வெச்சுட்டுப் பாடலாமா?"

"எங்க ஷாப்புல யாரு பாடறாங்க?"

அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று வைத்துப் பார்த்தேன். கூந்தலைக் கொஞ்சம் இறக்கி வாரினால் தெரியாது. யாருக்கும் தெரியவும் கூடாது. நித்யாவுக்கும் கூடத்தான், அவள் வாயில் எதுவும் நிற்காது. பாடகிக்குக் காது அவுட் என்று ஒருத்தன் சொன்னால் போதும், சிகந்திராபாத் முழுக்கப் போய்விடும்.

பிப். 5, வியாழன்

வெயில் சுள்ளென்று. மாவு புளித்துவிட்டது. இன்று ஊத்தப்பம்தான், கேட்பவர்கள் கேட்கட்டும்.

கிரண் வீட்டு மாடியில் ஒத்திகை. மஞ்சள் ப்ளக்கோடு பாடினேன். குறைகள்:

– என் குரல் என் மண்டைக்குள்ளேயே. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாடுவது மாதிரி.
– கீபோர்டு எங்கேயோ போர்வைக்குள்.
– தபேலாவில் தொம் மட்டும். விரல் சத்தம் சுத்தமாக இல்லை.
– கிரண் என்னவோ கேட்டார், பெரிதாகத் தலையாட்டினேன். அவர் கேட்டது எந்தக் கட்டையில் வாசிக்கட்டும் என்று.

ஒரே ஒரு நன்மை. வீட்டுக்கு வந்த பிறகு 'ஈ' கூடவில்லை. குறையவும் இல்லை.

"ஏமைந்தி அக்கா? ஜலுபா?" என்றார் கிரண். சளியா என்கிறார். ஆமாம், சளிதான் என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். நடிப்பும் வருகிறது எனக்கு.

பி.கு.: பஞ்சு வைத்துப் பார்த்ததை எழுதவில்லை. பஞ்சு வேஸ்ட்.

பிப். 8, ஞாயிறு

நேற்று மௌலா அலியில் கல்யாண வரவேற்பு. நன்றாகப் பாடினேன். அப்பாடா.

வழி கண்டுபிடித்துவிட்டேன். மேடையில் எங்கள் காலடியில், எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் இருக்கும், மானிட்டர். நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்பதற்கு. எனக்கும் நித்யாவுக்கும் சேர்த்து ஒன்று. காதில் ப்ளக் இருந்தால் என்ன? மானிட்டரை ஏற்றினால் ப்ளக்கைத் தாண்டிக் கேட்கிறது. மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் பாஷா பாயைப் பார்த்து விரலை மேலே காட்டினேன். ஏற்றினார். இன்னொரு முறை. ஏற்றினார். மூன்றாவது முறை காட்டியதும் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"கைக்கு அக்கா இத்னா? ஸ்பீக்கர் ஃபட் ஜாதா."

எதற்கு இவ்வளவு, ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்கிறார். கிழியட்டும் பாய், நான் பாடணும் என்றேன். சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டுப் போனார். சுருதி அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா மேடை ஏறி வந்து சால்வை போட்டார்.

ஒரே எரிச்சல் நித்யா. பாட்டுக்குப் பாட்டு ஓரடி பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். கோரஸ் மைக்கில் விழவே இல்லை. இடையிசையில் முழங்கையைப் பிடித்து இழுத்து மைக் முன்னால் நிறுத்தினேன். ஆட்டோவில் ஆரம்பித்தாள்.

"மா, மானிட்டர் சால லௌடு மா."

"ரெண்டு மணி நேரம் ஒரு இடத்துல நிக்கத் துப்பில்லன்னா இன்னாத்துக்குடி வர?"

"சரி மா. சாரி."

பத்தொன்பது வயதில் நான் காய்ச்சலோடு பாடியிருக்கிறேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாமே ரொம்ப லௌடு.

பிப். 10, செவ்வாய்

மஞ்சள் ப்ளக் எல்லாச் சத்தத்தையும் அமுக்குகிறது. வேறு பார்க்கலாம் என்று சிகந்திராபாத்தில் வாத்தியங்கள் விற்கும் கடைக்குப் போனேன். ரப்பரில் ஒன்று காட்டினான். குட்டிக் குடை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய மாதிரி. நடுவில் ஊசி மாதிரி ஒரு ஃபில்டர். சத்தத்தைக் குறைக்கும், அமுக்காது என்றான். யாருக்கு என்று கேட்டான். டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

வீட்டில் சோதனை. மிக்ஸி ஓடவிட்டேன். சத்தம் குறைவு, ஆனால் மிக்ஸி மிக்ஸியாகவே கேட்கிறது. டி.வி.யில் பேசுவது புரிகிறது. ஆஹா என்று மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி எடுத்தேன். வாயைப் பெரிதாகத் திறந்ததும் வலது காதிலிருந்து ப்ளக் நழுவி நேரே வத்தக்குழம்பில். இடது காது அரை மணியில் வலி எடுத்துவிட்டது.

கழுவி வைத்திருக்கிறேன். குழம்பை இவருக்கு ஊற்றினேன், சொல்லவில்லை.

'ஈ' இன்று அதிகம். விடியற்காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் எழுந்து நிற்கிறது. கடவுளே, ஒரு மணி நேரம் நிறுத்து. ஒரே ஒரு மணி நேரம்.

பிப். 12, வியாழன்

டெய்லரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஏ.எஸ்.ராவ் நகர். காது பரிசோதனை கிளினிக். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினாள் அங்கிருந்த பெண். முப்பது வயது இருக்கலாம், கொஞ்சம் தமிழ் வருகிறது. 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.

கேட்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து வருவது எது, என் மண்டைக்குள் ஏற்கெனவே இருப்பது எது? எல்லாம் ஒரே 'ஈ'. குத்துமதிப்பாக அழுத்தினேன். கை வியர்த்து பட்டன் வழுக்கியது. இருபத்தாறு வருடம் சுருதி பிசகாதவள் இப்படி உட்கார்ந்திருந்தேன்.

வரைபடம் காட்டினாள். கோடு நேராகப் போய், மேல் சத்தங்கள் வரும் இடத்தில் பள்ளத்தில் விழுகிறது. இடது காதில் அதிகம், வலது காது கொஞ்சம் பரவாயில்லை.

"இது திரும்பி வராதுங்க மேடம். இருக்கறத காப்பாத்திக்கலாம்."

"அந்த சத்தம்?"

"ப்ளக் அத நிறுத்தாது. வெளியேர்ந்து வர சத்தத்த மட்டும்தான் குறைக்கும். ப்ளக் வெச்சுட்டு வால்யூம் ஏத்தச் சொல்றீங்களா?"

"இல்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நல்லது. நிறைய பேர் அந்தத் தப்பு பண்ணுவாங்க."

என் காதுக்கே அளவெடுத்து ஒன்று செய்யலாமாம். ஃபில்டர் வைத்தது. ரோஸ் நிறப் பசையை ஊசிக்குழலால் காதுக்குள் நிரப்பினாள். ஐஸ் மாதிரி இருந்தது. அளவு எடுக்கும்போது வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிப் பற்களுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்தாள். பாடும்போது தாடை அசைந்தால் காதுத் துவாரமும் அகலமாகிறதாம். வத்தக்குழம்பு விஷயம் இப்போதுதான் விளங்கியது. பத்து நாள் ஆகும். விலையை இங்கே எழுதப்போவதில்லை, இவர் இந்த நோட்டைத் திறந்தாலும் திறப்பார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். திரும்பி வராது. அதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப். 15, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நேற்று நிகழ்ச்சி. புது ப்ளக் வரவில்லை, ஆகவே பழைய மஞ்சள். ஆகவே பாஷா பாய்க்கு விரல். போன வாரத்தை விட அதிகமாகவே ஏற்றச் சொன்னேன், அந்தப் பெண் சொன்னது காதில் இருந்தும். என்ன செய்வது? கேட்காமல் எப்படிப் பாடுவது?

இரண்டாவது பாட்டிலேயே சுருதி மேலே போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. கிரண் ஆதார சுருதியைத் திரும்பத் திரும்ப அழுத்திக் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் தெரியவில்லை. நித்யாதான் பல்லவியை எடுத்து என் மேலேயே பாடி மூடிவிட்டாள். கூட்டம் பிரியாணியில் இருந்தது, கவனிக்கவில்லை.

இன்று காலை கிரண் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி குடித்து முடிக்கிற வரை ஊர்க்கதை. பிறகு,

"அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் தீஸ்கோண்டி. லீட் நித்யா பாடட்டும்."

வயிறு எரிந்தது. பெற்ற மகள் மேல் பொறாமை. எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் கொஞ்சம் ஆறியது. வேறு எவளோ வருவதற்கு இவள் வரட்டும். என் குரல்தானே அவளுக்கும். கூப்பிட்டுச் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்,

"நாக்கு வத்து மா. நீயே பாடு." எனக்கு வேண்டாம் என்கிறாள்.

"ஏன் வேணாம்?"

"சும்மா."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நக்கோன்னா வுடேன், அவள இன்னாத்துக்குப் புடுங்கற" என்றார். வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டுமாம். என் மனது நோகும் என்று அவள் மறுக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப். 21, சனி

வந்துவிட்டது. சின்ன டப்பாவில் இரண்டு. வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம்.

மாடியில் ஒத்திகை. வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன், நழுவவில்லை. கீபோர்டு கேட்டது. தபேலாவில் விரல் கேட்டது. என் குரல் வெளியே இருந்தது. எல்லாம் இருக்கிறபடியே, நாலடி தள்ளி. ஒரு சரணம் பாடிவிட்டுக் கூந்தலை ஒதுக்கி எல்லோருக்கும் காட்டினேன். போதும் ஒளித்தது. கிரண் கிட்டே வந்து என் காதைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்த கிளினிக் எங்கே என்று கேட்டார். பாஷா பாயிடம் மானிட்டரைப் பாதியாக இறக்கச் சொன்னேன். சலாம் வைத்தார்.

'ஈ' இருக்கிறது, போகாது. இருந்துவிட்டுப் போ சனியனே. இன்னும் பத்து வருடம் பாடலாம். படியிறங்கும்போது முனகிக்கொண்டே வந்தேன்.

நித்யா வரவில்லை. தலைவலியாம். பரீட்சை வருகிறதே, படிக்கிறாள் போல.

பிப். 23, திங்கள்

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. புழுக்கம். ஹாலில் பாயைப் போட்டு நித்யா படுத்திருந்தாள், தலைமேல் தலையணை. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸே அமைதி.

"மா, அத ஆஃப் பண்ணேன். ப்ளீஸ்."

"எத?"

"அந்த சவுண்டு. ஈன்னு வருதே. மோட்டாரா, ஏமோ."

"கரண்ட் இல்லடி."

தலையணையை எடுத்துவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மௌலா அலி ஷோவிலிருந்தாம். நடுவில் கொஞ்சம் குறைந்ததாம். அதற்கடுத்த ஷோவுக்குப் பிறகு நிற்கவே இல்லையாம். காலேஜில் மேடம் சொல்வது பாதி கேட்கவில்லையாம், தூக்கம் இல்லாததால் என்று நினைத்தாளாம்.

"ஏன்டி சொல்லல?"

"லௌடுன்னு சொன்னேனே மா. நீ திட்டினே."

அலமாரியைத் திறந்து என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். சிவப்புப் புள்ளியை அவள் வலது காதில் வைத்து அழுத்தினேன். நுழையவில்லை. திருப்பி வைத்தேன், நுழையவில்லை. வலிக்குது மா என்றாள். என் காதுக்கு வார்த்தது. அவளுக்கு எப்படி நுழையும்? அதுவும் இனிமேல் வைத்து என்ன? அது தெரிந்தும் இன்னொரு முறை அழுத்தினேன்.

சொல்லிவிட்டேன். மேடையில் நான் காதை அடைத்துக்கொண்டிருந்தேன்டி, எனக்குக் கேட்கவில்லை, அதனால்தான் ஏற்றச் சொன்னேன், நான்தான் ஏற்றச் சொன்னேன் என்று.

"நீ ப்ளக் வெச்சுட்டு இருந்தியா?"

"ஆமாம்."

"மரி நாக்கு?"

அப்போ எனக்கு என்று கேட்கிறாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இவர் கொண்டுவந்த மஞ்சள் ப்ளக் ஒரு டப்பா நிறைய இந்த வீட்டிலேயே கிடந்தது. ஒரு ஜோடி எடுத்து அவள் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. கூந்தலை எப்படி வாரினால் தெரியாது என்றுதான் தோன்றியது. முழங்கையைப் பிடித்து இழுத்து அந்த ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தியது நான்.

கிளினிக்குக்கு போன் போட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். ப்ளக் சரியாக உட்கார்ந்ததா மேடம் என்றாள். உட்கார்ந்தது என்றேன். நாளை பத்தரைக்கு வரச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டாள், பெயர் சொன்னேன். வயது கேட்டாள்.

பத்தொன்பது.