முழு எண்களுக்கும் ஒரு தட்டு

சவாயி
ஞாயிறு மாலை

அன்புள்ள தவித்தாவுக்கு,

பெனினா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கடல் கடந்த ஆரஞ்சுத் தோட்ட வேலையில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பன்றி ஒன்பது குட்டி போட்டிருக்கிறது. தேவாலயக் கூரையை மூன்றாம் முறையாகப் பழுதுபார்த்தார்கள். இப்போது புதிய இடத்தில் ஒழுகுகிறது.

கணக்குத் தேர்வில் தேறிவிட்டேன். பத்தொன்பது வருடம் பாடம் நடத்திய பிறகு, எனக்குக் கணக்குத் தெரியுமா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம்தான், இரண்டு முறை தோற்றேனே. இந்த முறையும் தோற்றிருந்தால் என் வேலை போயிருக்கும், நீங்களும் அடுத்த பருவத்துக்கு அங்கேயே தங்கியிருப்பீர்கள்.

இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது பின்னம் வரும் சமன்பாடு. x/3 + x/4 + 2 = 9. மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. அதைக் கொண்டு பெருக்கினால் பின்னம் ஒழியும். நான் பின்னங்களை மட்டும் பெருக்கினேன். இரண்டும் ஒன்பதும் முழு எண்கள், குறையில்லாதவர்கள், அவர்களை ஏன் தொந்தரவு செய்வது என்று மரியாதையாக விட்டுவிட்டேன். x = 1 என்று அழகாக விடை வந்தது. அழகாக இருந்ததால் சரிபார்க்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, உங்கள் தங்கை லாகி சேப்பங்கிழங்கையும் பன்றிக்கறியையும் வீடுவீடாக அனுப்பத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். போதகர் வீட்டுக் குளிர்பெட்டியை மூடவே முடியவில்லை, அவருக்கு எதற்கு என்றேன்.

"அவர் வீட்ல நெறஞ்சு கெடந்தா நமக்கென்ன அண்ணி? எல்லார் வீட்டுக்கும் போகுதுன்னா அவருக்கும் போயே ஆகணும். இல்லேன்னா அடுத்த வாரப் பிரசங்கமே உங்களப் பத்திதான்" என்றாள்.

கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். இரண்டுக்கும் ஒரு தட்டு, ஒன்பதுக்கும் ஒரு தட்டு. 4x + 3x + 24 = 108. x பன்னிரண்டு. பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன்: நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்பது.

"கணக்கு வந்துச்சு, சரி. போதகர் தட்ட யாரு கொண்டு போறது?" என்றாள் லாகி. நானே கொண்டுபோனேன். குளிர்பெட்டியில் திணிக்கவும் உதவினேன்.

தேர்வில் அதே ஆசாமி வேறு எண்களோடு வந்தார். யாரையும் விடவில்லை.

என் வேலை இனி நிரந்தரம். அடுத்த பருவ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், முதுகு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறுதோறும் உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். ஊரில் இல்லாதவருக்கு எதற்கு என்று லாகி ஒருநாளும் கேட்டதில்லை.

கடவுள் உங்களைக் காப்பாராக. தட்டு ஆறுவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
பெனினா