பதினெட்டேகால் மீட்டர்

ஜூலை 3, வியாழன்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நான்கு ஆண்டுகள். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போன ஒட்டடைக்குச்சி திரும்பி வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பு மாணவி. உயரத்துக்காகத் தோழிகள் வைத்த பெயர். ஒலிப்பதிவின் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு கோடுகளுக்கிடையே ஓடும் சோதனையில் எங்கள் பள்ளிப் பதிவின்படி அவள் ஒன்பதாம் லெவல். அங்கே ஏழிலேயே நின்றுவிட்டாள். ‘மாணவியின் முயற்சி போதாது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார். “பள்ளிக்கூடத்து மானத்த வாங்கிட்டு வந்து நிக்கிறியே?”

“சார், அங்க கோடு தூரமா இருந்துச்சு.”

விசில் சிரித்தான். எங்கள் உடற்கல்வித் துறைத் தலைவன். கழுத்தில் விசில் இல்லாமல் கழிப்பறைக்கும் போகமாட்டான். “அடுத்த தடவ உங்க வீட்டு வாசல்ல போடச் சொல்றேன்மா.”

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

பள்ளி விட்டதும் உள்ளரங்கத்தைப் பூட்டிக்கொண்டு டேப் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு பதினெட்டேகால் மீட்டர். இருக்கவேண்டியது இருபது.

ஒன்பதாம் லெவல் முடிய ஏறக்குறைய எண்பது ஓட்டம். ஓட்டத்துக்கு ஒன்றே முக்கால் மீட்டர் மிச்சம். நூற்று நாற்பது மீட்டர் ஓடாமலேயே ஓடியதாகக் கணக்கு. பிள்ளை அங்கே உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறாள்; இங்கே அவளுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி.

இந்தக் கோட்டை வைத்துத்தான் மூன்று ஆண்டுகளாகக் கேடயம். ‘உடற்தகுதியில் முதல் பள்ளி.’ கேடயத்தோடு எடுத்த படத்தில் நடுவில் விசில். உடலியங்கியலில் ஆய்வுப் பட்டம் வாங்கிய நான் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு.

ஜூலை 7, திங்கள்

சொல்லிவிடலாம் என்று போனேன். தலைமையாசிரியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

விசிலிடம் நேரே கேட்டேன். கோடு குறைவு என்று தெரியுமா, தெரியாதா?

“தெரியும்ணே. சுவர் ஓரமா இருக்கை போட்டாங்கல்ல, புள்ளைங்க போய் முட்டிக்கும்னு உள்ள தள்ளினோம். தூரம் குறைஞ்சா ஒலிப்பதிவயும் மாத்தணும்னு அப்ப தோணல. அப்புறம் கேடயம் வந்துச்சு. யார் போய் மாத்துவா?”

“ஒரு பொண்ணு வாழ்க்கை போச்சுடா.”

“அத நீங்க சொல்றீங்களா? பெயிண்ட் டப்பா யார் கையில இருந்துச்சு?”

சட்டைக்காலரைப் பிடிக்கக் கை போனது. பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: “அவனத் திட்டாம ஒரு வேளை சோறு இறங்குதா உங்களுக்கு? அந்தப் பொண்ணுக்கு என்ன செய்யப்போறீங்க, அதச் சொல்லுங்க.”

பாதியில் எழுந்து கை கழுவினேன்.

ஜூலை 9, புதன்

ஆமாம். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். ‘கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்கண்ணே’ என்று அவன் சொன்னான், தள்ளிப் போட்டேன். தூரம் குறைந்தால் சோதனையே செல்லாது என்று அன்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? எனக்கு வரவேண்டிய பதவி அவனுக்குப் போய் அன்றோடு இரண்டு மாதம். மாட்டட்டும் என்று நினைத்தேன். என்றாவது ஒருநாள் வெளியிலிருந்து யாராவது வந்து அளப்பார்கள், இவன் மூக்கு அறுபடும் என்று காத்திருந்தேன்.

யாருமே வந்து அளக்கவில்லை. பிள்ளை போய் அளந்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

ஒட்டடைக்குச்சியின் அம்மா வந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சீருடையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

“விடுதியில மறுபடி ஓட விடுவாங்களாம் சார். சோதனை எடுத்த வாத்தியார் யாராவது ஒருத்தர், இங்க என்ன தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதுமாம். பதினஞ்சாம் தேதி கடைசி. அந்த விசில் சார் முடியாதுன்னுட்டாரு. நீங்க நல்லவருன்னு பாப்பா சொல்லுச்சு.”

“பாக்கலாம்மா.”

பாக்கலாம்மாவாம். என்னத்தப் பாக்கப்போறேன்?

ஜூலை 13, ஞாயிறு

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உண்மையை முழுக்க எழுதினால் கோடு போட்ட கை யாருடையது என்பதும் வருகிறது. ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். விசில் சாட்சி சொல்வான், சிரித்துக்கொண்டே.

ஜூலை 14, திங்கள்

கடிதம் முடிந்தது. ஒன்றரைப் பக்கம். அளவு, கேடயம், துறைத் தலைவர் தெரிந்தே மறைத்தது எல்லாம் இருக்கிறது. பொய் ஒரு வரி இல்லை. பெயிண்ட் பற்றியும் ஒரு வரி இல்லை.

விடுதிக்காரர்கள் படித்தால் சும்மா இருக்கமாட்டார்கள். ஆள் வரும், அளப்பார்கள், விசில் நிற்க இடமில்லாமல் நிற்பான். அவளுக்கும் அதில் ஏதாவது வழி பிறக்காதா? நாளைக்குள் பிறக்காது. தெரியும். தெரியாமல் என்ன?

கையெழுத்துக்காகக் கீழே நாலு விரல் இடம் விட்டிருந்தேன். அதை மட்டும் கத்தரியால் நேராக வெட்டிவிட்டேன். உறை ஒட்டியாயிற்று. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.