பல் முளைக்கும் வரை

என் அன்பான, அடங்காத, அதிகாரம் பிடித்த வள்ளியக்கா,

இதனால் சகலருக்கும், குறிப்பாக உனக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆரியசாலையில் நம் வத்தல் கடைக்கு எதிரே, சுமை தூக்கும் அண்ணன்மார் ஓய்வெடுக்கும் மூலையில், பல மாதங்களாக மூன்று காலில் நின்று பொதுச்சேவை செய்துவந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி, சென்ற செவ்வாய்க்கிழமை பணி ஓய்வு பெற்றது. புதிய நாற்காலி பொறுப்பேற்றுக்கொண்டது. அமைச்சர் யாரும் வரவில்லை. ரிப்பன் வெட்டப்படவில்லை. சுமை தூக்குபவர்களின் தலைவர் சசியண்ணன் மட்டும் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கொழப்பமில்லை" என்று சான்றிதழ் வழங்கினார்.

பழைய நாற்காலியின் நாலாவது கால் எப்படிப் போனது என்று நம் இருவருக்கும் தெரியும். மேலிருந்து படம் எடுத்தால்தான் மூட்டை தனியாகத் தெரியும் என்று கேமராவோடு ஏறி நின்றவள் நீ. பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மூக்கைச் சொறியப் போனவன் நான். வழக்கு தள்ளுபடி.

இரண்டாவது செய்தி கொஞ்சம் சின்னது. உன் படம் முடிந்துவிட்டது.

யார் முடித்தது என்று கேட்கமாட்டாயா? சரி, நானே சொல்லிக்கொள்கிறேன். க்ளாப் அடிக்கக்கூட லாயக்கில்லை என்று உன்னால் இரண்டு முறை வேலைநீக்கம் செய்யப்பட்ட உன் தம்பி நாகராஜன்தான். படம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. எழுந்தவர்களில் பாதிப்பேர் டீ குடிக்கப் போனவர்கள் என்பது வேறு விஷயம். போகும்போதும் கை தட்டிக்கொண்டேதான் போனார்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. "அறுக்காதலே" என்று நடுவில் கத்தாதே.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் குறும்படம் எடுக்க மானியம் தருகிறோம் என்று பள்ளிக்கூடப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளில் இருந்த குழந்தைப் படத்துக்கு நான் மீசை வரைந்தேன். மறுநாள் நீ வந்து மீசைக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாய். உனக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினைந்து. மானியம் கிடைத்த அன்றிலிருந்து வள்ளியம்மையாகிய உன்னை நான் மானியம்மை என்று அழைக்கத் தொடங்கினேன். பதிலுக்கு நீ என்னை வசனகர்த்தாவாக நியமித்தாய். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த பிறகுதான், படத்தில் வசனமே கிடையாது என்று எனக்குத் தெரிந்தது.

கதை இவ்வளவுதான். லாரியிலிருந்து ஒரு மிளகாய் வத்தல் மூட்டை விழுந்துவிடுகிறது. லாரி கவனிக்காமல் போய்விடுகிறது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண், லாரி திரும்பி வரும் வரைக்கும் என்று அந்த மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். யார் கூப்பிட்டாலும் இறங்கமாட்டாள். கடைசியில் லாரி வருகிறது. அவள் சிரிக்கிறாள்.

சின்னப்பெண்ணாக நடிக்க நீ பிடித்து வந்தது செல்வியை. பின்தெரு டிபன் கடையில் தோசை போடும் மாமாவின் மகள், வயது ஏழு, முன்பல் இரண்டும் கிடையாது. நம் பள்ளியில் நாட்டியம் ஆடுகிற, வரிசையாகப் பல் இருக்கிற எத்தனையோ பிள்ளைகளை விட்டுவிட்டு இவளா என்று கேட்டேன். "அவ சிரிச்சா கதவு தெறந்த மாதிரி இருக்குலே. அதுக்குள்ளதான் என் படம் இருக்கு" என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

படப்பிடிப்பு என்று பெயர். நடந்தது என்னவோ அடம்பிடிப்பு. செல்விக்கு ஐஸ் வேண்டும், அப்புறம் மூத்திரம் வரும், அப்புறம் மூட்டை குத்தும். உட்கார்ந்திருப்பது நிஜ வத்தல் மூட்டையாயிற்றே, நிமிடத்துக்கு ஒரு தும்மல் வேறு. வேறு யாராவது கத்தியிருப்பார்கள். நீ ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் தும்மி முடிக்கும் வரை மண்ணில் குத்தவைத்துக் காத்திருந்தாய். அந்தப் பொறுமையை என்னிடம் எந்த ஜென்மத்திலாவது காட்டியிருக்கிறாயா?

முதல் நாளே சசியண்ணன் வந்து நின்றாரே, அது ஞாபகம் இருக்கிறதா? நம் தெருவில் லாரியிலிருந்து எந்த மூட்டை இறங்கினாலும் அதை இறக்கும் உரிமை அவர் ஆட்களுக்குத்தான். நீயும் நானும் மூட்டையை இழுத்துத் தெருவில் போட்டதைப் பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு வந்தார்.

"மோளே, இந்தச் சாக்கு ஆரு எறக்கியது?"

"நாங்கதான் அண்ணா. சினிமாவுக்கு."

"சினிமாவாயாலும் சாக்கு சாக்குதானே. இது எங்க பணியாக்கும்."

நான் ஓடத் தயாராக இருந்தேன். நீ சிரித்தாய்.

"சரிதான் அண்ணா, தப்பு எங்க மேலதான். நீங்களே லாரியில ஏத்தி எறக்குங்க. ஆனா பன்னண்டு தடவ எறக்கணும்."

"பன்னண்டோ? ஒரு சாக்கு எதுக்கு பன்னண்டு தடவ?"

"சரியா வர்ற வரைக்கும்."

ஆறாவது தடவை மூட்டையை இறக்கிவிட்டு அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மோளே, இனி நீயே எறக்கிக்கோ. உரிமை நான் விட்டுத் தந்நு." கடைசியில் அவரையே படத்தில் ஒரு சுமை தூக்குபவராக நடிக்கவும் வைத்துவிட்டாய். இன்று வரைக்கும் அவர் அந்தத் துண்டைத் துவைக்கவில்லை. கன்டினியுட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்கவேண்டிய தொடர்ச்சி, கெட்டுவிடுமாம்.

மானியக் குழுவின் விதி ஒன்று உண்டு. கேமராவிலோ எடிட்டிங்கிலோ பெரியவர்கள் யாருடைய கையும் படக்கூடாது. அப்பா அந்த விதியைப் பஞ்சாங்கம் போலக் கடைப்பிடித்தார். படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே கடை வாசலில் நடந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளருக்கு வத்தல் எடுத்துக் காட்டக்கூட யோசித்தார்.

கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி என்றிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் எடுக்கலாம் என்றாய். அதற்குள் உனக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள்தான் இருந்தாய். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, அக்கா. எழுத வராதது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும்.

அப்புறம் வீட்டில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைக்கு மேலே மாடியில் இருக்கிற வீட்டை விட்டு அம்மா இறங்கவே இல்லை. கடைக்கும் வரவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. குழுவிலிருந்து ஒரு மேடம் ஃபோன் செய்தார். "மோனே, வேண்டாம்னு தோணினா நிறுத்திக்கோ. ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். வேணும்னா வருஷம் முடியறதுக்குள்ள தந்தா மதி, அது போதும்" என்று மெதுவாகச் சொன்னார். நான் ஃபோனை அப்பாவிடம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. கை அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"அவ ஆரம்பிச்சத அவ பேர்ல முடிக்க முடியும்னா முடி மக்ளே. உன் பேரப் போட்டு முடிக்கதா இருந்தா விட்டுரு. பாதியாவே கெடக்கட்டும்."

அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. நான் சொதப்பினால் அது உன் பெயரில் சொதப்பல். நான் விட்டுவிட்டால் நீ பாதிப் படத்தோடு நின்றுபோவாய். பாதியில் எதையாவது விட்டுவிட்டு எழுந்து போகிற ஆளா நீ? சோற்றில்கூட ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவள்.

மழைக்காலம் போய், நாலரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காட்சியை எடுத்தோம். சசியண்ணன் தெருவின் இரண்டு முனையிலும் ஆட்களை நிறுத்தி, ஒரு ஆட்டோகூட வராமல் பார்த்துக்கொண்டார். அதே லாரி, அதே மூட்டை, செல்விக்கு அதே மஞ்சள் கவுன். உன் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் காட்சிக்கு ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாய்: 'சிரிக்கிறாள்.' இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்கே கேமரா வைக்க? இன்னும் நாலு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

செல்வி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, வள்ளியக்கா சொன்னா மாதிரி சிரிக்கவா, நீ சொன்னா மாதிரி சிரிக்கவா?"

"வள்ளியக்கா எப்பிடிச் சொன்னா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல. லாரி வரும்போது ஒனக்குத் தோணும்னு சொன்னா."

"அப்ப அப்பிடியே செய்."

லாரி வந்தது. அவள் முதலில் நம்பாமல் பார்த்தாள். அப்புறம் மெதுவாக மூட்டையை விட்டு இறங்கி, அதைக் கையால் ஒருமுறை தட்டிக் கொடுத்து, நிமிர்ந்து சிரித்தாள். எனக்குக் கண் கலங்கி எதுவுமே சரியாகத் தெரியவில்லை. வத்தல் மண்டி வாசலில் நின்றால் யாருக்கும் கண் கலங்கும். இதில் உணர்ச்சிவசப்பட ஒன்றும் இல்லை.

இனி அரங்கத்துக்கு வா. அன்றைக்கு ஒன்பது படங்கள், எல்லாம் நம்மைப் போன்ற பிள்ளைகள் எடுத்தவை. விழிஞ்ஞத்துப் பையன்கள் மூன்று பேர் ஒரு மீன்கூடையின் ஒரு நாளை எடுத்திருந்தார்கள். கூடையின் ஓட்டை வழியாகவே துறைமுகம் முழுவதையும் காட்டிவிட்டார்கள், படுபாவிகள். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் குறட்டையை வைத்து நாலு நிமிடப் படம் எடுத்திருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. உனக்கு இவர்களையெல்லாம் பிடித்திருக்கும். இடைவேளையில் அவர்களோடு சண்டை போட்டிருப்பாய், சாயங்காலத்துக்குள் அடுத்த படத்துக்குக் கூட்டுச் சேர்த்திருப்பாய்.

உன் படம் கடைசி. படம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சினிமா எடுக்கிற ஒரு பெரிய மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். படம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு முன்பல் இல்லை. கடைசியில் லாரி வந்ததும் சிரிக்கிறாள், பார்த்தால் இரண்டு பல்லும் முளைத்திருக்கிறது. ஒரு வார்த்தை இல்லாமல், அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்று காட்டிவிட்டீர்களே, இந்த யோசனை எப்படி வந்தது?

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "காலத்தைக் காட்ட நிறைய வழி இருக்கு மேடம். காலண்டர் கிழியலாம், இலை உதிரலாம். எனக்கு அதெல்லாம் பழசாத் தோணிச்சு" என்று மலையாளத்தில் ஆரம்பித்து ஐந்து நிமிடம் அளந்துவிட்டேன். காத்திருப்புக்கு உடம்பு சாட்சி என்றெல்லாம் சொன்னேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கைதட்டல் காதைப் பிளந்தது. மூன்றாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம் அக்கா, அம்மா வந்திருந்தாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ எப்படியும் கண்டுபிடித்திருப்பாய்.

செல்விக்குப் பல் முளைத்ததை நான் கவனிக்கவே இல்லை. நான் மட்டுமா, தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் பல் முளைத்தால் யாருக்குத் தெரியும்? சசியண்ணனின் துண்டில் உள்ள கறைவரைக்கும் சரிபார்த்த நாங்கள், அவள் வாயைப் பார்க்க மறந்துவிட்டோம். படத்தை அனுப்பவேண்டிய நாளுக்கு முந்தின நாள், வீட்டில் முதல்முறையாக முழுசாக ஓட்டிப் பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அத்தனை மாதமாக மாடியை விட்டு இறங்காதவள், செல்வியைப் பார்க்காதவள். அவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது.

"பிள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டுல்லா!" என்றாள்.

எல்லாம் போயிற்று, உன் படத்தை நான் கெடுத்துவிட்டேன், கடைசிக் காட்சியை வெட்டி எறிகிறேன் என்று கத்தினேன். லேப்டாப்பை மூடப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்தாள்.

"எதுக்குலே வெட்டுத? பல்லு மொளைக்கது வரைக்கும் எறங்காம இருந்திருக்கா பிள்ள. எவ்வளவு நாளாயிருக்கும், பாவம். இன்னொரு தடவ போடு."

போட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் இன்னொரு தடவை. அன்று எட்டுத் தடவை பார்த்தோம். படம் திரையிட்ட ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கு அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

மேடையில் நான் அளந்த கதையை அவள் முழுக்கக் கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். அதுதான் இன்னமும் என்னைக் குத்துகிறது. பெரியவர்கள் கை படக்கூடாது என்றுதான் விதி, வாயைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். நான் கட்சிக்காரனாக இருந்தால் எந்த வக்கீலும் தோற்றுத்தான் போவார்.

வருகிற திங்கட்கிழமை நம் பள்ளியில், இயக்குவது எப்படி என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே உண்மையைச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். இயக்கியது என் அக்கா வள்ளியம்மை, திரையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. முடிவைக் கண்டுபிடித்தது எங்கள் அம்மா. பல் செல்வியுடைய சொந்தப் பல். அப்புறம் நீ என்னதான் செய்தாய் என்று யாராவது குட்டிப்பிசாசு கேட்டால், சிவப்புப் பொத்தானை அமுக்கினேன் என்று சொல்வேன்.

அதுவும் முதல் தடவை அமுக்க மறந்துவிட்டேன் அக்கா. லாரி இரண்டு முறை வரவேண்டியதாயிற்று.

உன்னால் வேலைநீக்கம் செய்யப்பட்டும் போகாமல் நிற்கிற,
உன் ஒரே தம்பி,
நாகு