கண்டதாக எழுதியது

06.11.2005, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. சுனாமி முகாம் கொட்டிலில் தகரம் மூன்று இடத்தில் ஒழுக்கு. அக்காவின் மகளுக்கு மறுபடி மூச்சிழுப்பு.

வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைதான். கிரேக்கரின் பேச்சுக்கலை, குறிப்பு:
– நம்பவைக்க மூன்று வழி. பேசுபவர் குணம், கேட்பவர் மனம், சொல்லின் நியாயம்.
– சாட்சி, சத்தியம், பத்திரம் கலையில் சேராது. இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், உருவாக்க முடியாது.
– வழக்காளி தானே பேசவேண்டும். ஆனால் பேச்சை எழுதிக்கொடுக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இந்த முகாமில் நான்தான் அந்த ஆள். பாதிப் பேரின் மனு என் கையால் எழுதியது.

சவர்க்காரம், மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

07.11, திங்கள்

கிராம சேவகர் வந்தார். "சேர், உங்கட அக்காதான் மிச்சம். வெள்ளிக்குள்ள மரணப் பத்திரத்துக்கு எழுதித் தரல்லெண்டா புது வீட்டுப் பட்டியல்ல பேர் வராது."

காணி அத்தானின் பெயரில். கடல் வந்த அன்று போனவர், உடல் கிடைக்கவில்லை. பத்து மாதமாக அக்கா கையெழுத்து வைக்க மறுப்பு. பொட்டும் அழிக்கவில்லை, அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை.

பின்னேரம் பேசிப் பார்த்தேன். நியாயம் சொன்னேன். பிள்ளையின் இழுப்பையும் சொன்னேன்.

"செத்தத ஆரு கண்ட? கண்டவங்க வந்து சொல்லட்டும். மறுகா கையெழுத்து வைக்கிறன்."

எரிச்சல். பள்ளிக்கூட விவாதத்தில் ஒருநாளும் தோற்காதவன் நான்.

08.11, செவ்வாய்

விண்ணப்பத்தோடு உறவினர் ஒருவரின் சத்தியக்கூற்றும் வேண்டும். என்னுடையதை எழுதினேன். முதலில் உள்ளபடி: பாடசாலைக் கூரையில் நின்றேன், எங்கும் தண்ணீர், அத்தானைக் காணவில்லை. பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயம். கிழித்தேன்.

இரண்டாவதில், கோயில் வேலியருகே தோணியைப் பிடித்தபடி நின்ற அத்தானை அலை இழுத்துப்போனதை என் கண்ணால் கண்டேன் என்று. நாலு வரி. நன்றாக வந்தது. அதில் சந்தோஷமும் பட்டேன். வெட்கம்.

10.11, வியாழன்

மழை விட்டது. "சும்மா கேட்டுட்டு வருவம்" என்று சத்தியக்கூற்றை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் உரத்து வாசிப்பது அவர் வழக்கம். எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன், எனக்குத் தெரியாததா? அதிகாரியை நினைத்து எழுதியவன் அக்காவை நினைக்கவில்லை.

என்னுடையதை வாசித்தார். அக்கா நிமிர்ந்தாள்.

"நீ கண்டனியா?"

நான் நீதவானின் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"பத்து மாசமா இத நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தனியா, தம்பி?"

பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். வாசலுக்கு வந்ததும் சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி என் கையில் தந்தாள்.

11.11, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. இனிப் பிள்ளைக்கு ஒழுகாத கூரை வரும்.

உண்மையைச் சொல்ல இரண்டு தரம் அக்காவின் கொட்டிலுக்குப் போனேன். சொன்னால் மறுபடி காத்திருக்கத் தொடங்குவாள். சொல்லாமல் திரும்பினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பின்னேரம் அவளே வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அலை இழுக்கக்குள்ள அவர் கூப்பிட்டவரா?"

"ஓம்."

"என்னெண்டு?"

"உங்கட பேரச் சொல்லி, அக்கா."