கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்த நீலப் படம்

இன்று காலை என் வீட்டுக் கணினியைத் திறந்தபோது திரையின் அடிப்பட்டை வெறுமையாகக் கிடந்தது. இரவில் தானாக ஏதோ அப்டேட் ஆகியிருக்கிறது. ஸ்பீக்கர் ஐகான் இல்லை, வைஃபை ஐகான் இல்லை; வலது மூலையில் மணி மட்டும் தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும். திரும்பியும் விட்டது. ஆனால் பத்திரிகைக்கு எழுத வேண்டிய செய்தியை எழுத முடியவில்லை, அண்ணே. முதலில் உங்களுக்கு எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

மண்டபம் அகதிகள் முகாமுக்கு ஒரு செய்திக்காக வந்தபோதுதான் உங்களைச் சந்தித்தேன். செய்தி மறுநாளே பழசாகிவிட்டது, நம் பழக்கம் பழசாகவில்லை. ராமநாதபுரத்தில் பெயின்ட் வேலை இருக்கிற நாட்களில் மாலையில் என் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள். உங்கள் மகள் கணவனோடு கடல் தாண்டி மன்னாருக்கே திரும்பிப் போவதென்று முடிவெடுத்தபோது, "போகாதை எண்டு சொன்னன் தம்பி. கேக்கேல்லை" என்று மட்டும் சொன்னீர்கள். அவள் போனாள். அங்கே அவளுக்கு ஒரு பையன் பிறந்தான்.

போனில் பேசினால் காசு ஓடும் என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவீர்கள். பேரன் முகத்தையும் அதில் பார்க்க முடியாது. தொடுதிரை போன் வாங்கலாம் என்றால், பெயின்டும் தின்னரும் பட்டுக் காய்த்துப்போன உங்கள் விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. அதனால்தான் என் பழைய கணினியை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். மவுஸ் உங்கள் கைக்கு உடனே பழகிவிட்டது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் படத்தைத் தட்டினால் வீடியோ அழைப்பில் மகள் வருவாள். அது போதும் என்றீர்கள். ஞாயிறு காலைகளில் அவள் வந்தாள். பையன் தவழ்வதற்கு முன்பான காலம் அது.

பிறகு ஒருநாள் வந்திருந்தபோது, மெஷின் மெதுவாகத் திறக்கிறதே என்று நானாக உட்கார்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை. திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலை எடுத்து, வேண்டாதவை என்று பட்டவற்றையெல்லாம் நிறுத்தினேன். மிஞ்சிய ஐகான்களைச் சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளினேன். பட்டியலை நின்று வாசிக்கவில்லை. நீலப் படமும் அதோடு போயிற்று. "இப்ப பாருங்கண்ணே, பறக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பின் போனில் எத்தனையோ முறை கேட்டேன்: "கம்ப்யூட்டர் எப்படிண்ணே இருக்கு?"

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி."

அந்தப் பதிலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். முகாமில் கணக்கெடுக்கும் நாளில் வரிசையில் நிற்கிறவர்களிடம் குறை ஏதும் உண்டா என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக வருகிற பதில் அதுதான். கூரை ஒழுகினாலும் அதுதான். குறை என்று சொன்னால் அது நம்மிடமே திரும்பி வரும் என்று பழகிய வாய். எந்த அதிகாரியாவது பிரச்சினை இல்லை என்றால் மூன்று பேரிடம் விசாரிக்காமல் எழுதாதவன் நான். உங்களிடம் மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மாதங்கள் போயின. வேறு வேலையாக மண்டபம் வந்த ஒரு நாளில், சும்மா ஒரு பார்வைக்காகத் திறக்கச் சொன்னேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

"நான் ஒண்டையும் தொடேல்லைத் தம்பி. சத்தியமா. தானாக் காணாமப் போட்டுது."

"எதுண்ணே?"

"அந்த நீலம். உங்கட சாமான் எல்லோ, பழுதாக்கிப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிள்ளைக்குச் சொன்னால் அவள் கடன்பட்டு வேற ஒண்டு வாங்கித் தருவாள். கரண்ட் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

நானே உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். அம்புக்குறியைத் தட்டினேன், மற்ற ஐகான்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. நீலத்தை ஸ்டார்ட் மெனுவில் தேடி எடுத்து ஓடவிட்டேன். கணினியோடு சேர்ந்து தானாகத் திறக்கும்படியும், எப்போதும் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே தெரியும்படியும் செட்டிங்கை மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. போன தடவை துப்புரவு செய்கிறேன் என்று நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன்.

நீங்கள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "எங்கட ஊரில ஆமிக்காரரும் துப்புரவு எண்டுதான் தம்பி சொல்லுறவங்கள். பிறகு ஆக்களைக் காணேல்லை."

நானும் சிரித்தேன்.

அப்போதே மகளை அழைத்தீர்கள். அவள் முகம் வந்தது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் வந்தான். தவழ்ந்த காலம் முடிந்துவிட்டிருந்தது. "இப்பவாவது கரண்ட் வந்துதே" என்று அவள் குத்தலாகக் கேட்டாள். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் திரைக்குள் விழாமல் சுவரோரமாக நின்றேன். என்னைக் காட்டிக் கொடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் செய்யவில்லை, அன்றைக்கும், அதற்குப் பிறகும். பேரன் உங்களை அழைக்கப் பழகினான். அது நீண்ட காலம் நடக்கவில்லை. உங்கள் நெஞ்சுவலி அதற்கு இடம் தரவில்லை.

அடக்கத்துக்கு மகளால் வர முடியவில்லை. சில நாட்கள் கழித்து எனக்கு அழைத்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ? மறைக்காமச் சொல்லுங்கோ. நடுவில அவ்வளவு நாளா அப்பா ஏன் வரேல்லை? நான் திரும்பி வந்திட்டன் எண்ட கோவமோ? என்ரை பிள்ளையைப் பாக்கப் பிடிக்கேல்லையோ?"

அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. சொன்னேன். பட்டியல், அம்புக்குறி, என் அவசரம், நீங்கள் சொன்ன கரண்ட், எதையும் விடவில்லை. முடித்ததும் கேட்டாள்:

"அப்ப அந்த ஞாயிறுகளில அப்பா அதுக்கு முன்னால வந்து இருந்தவரோ?"

அண்ணே, இதை உங்களிடமும் நான் பேசியதில்லை. அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு காலை, பாம்பன் போகிற வழியில், உங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். தலைவாரி, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். மானிட்டரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "என்னண்ணே, மாப்பிள்ளை கணக்கா இருக்கீக?" என்றேன். "சும்மாதான் தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ" என்றீர்கள். நான் போய்விட்டேன். பாம்பனில் அன்று என்ன செய்தி என்பதுகூட இப்போது நினைவில்லை.

"இருந்தாரும்மா. நானே பார்த்தேன்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, என்னிடம் கேட்கிற மாதிரி இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி அவள் சொன்னாள்: "அப்ப என்னில கோவமில்லை."

உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டிய வாக்கியம் அது, அண்ணே. கொடுக்க ஆளில்லாமல் இப்போது என்னிடம் இருக்கிறது.